கத்தி படாத இறைச்சி: ஹலாலா என்று கேட்கும் முன்



நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் சிங்கப்பூரில் பணிபுரிகிறார். 2024ஆம் ஆண்டில் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும் தயக்கத்துடன் கேட்டார்: “ஹஜ்ரத், இங்கே ஆய்வகத்தில் வளர்த்த கோழிக்கறி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதற்காகக் கோழியை அறுப்பதே இல்லையாம். உடன் வேலை செய்பவர்கள் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று அழைக்கிறார்கள். நாம் சாப்பிடலாமா?”

உடனே விடை கூறும் துணிவு நமக்கு வரவில்லை. சில நாள் அவகாசம் கேட்டோம். கிதாபுகளைப் புரட்டினோம், நம்மினும் கற்றறிந்த பெரியவர்களிடம் கேட்டோம். நாம் ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லோம். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிற ஆசிரியர் மட்டுமே. ஆயினும் இந்தத் தேடலில் நாம் அறிந்துகொண்டவற்றையும், அதன் முடிவில் நம் மனத்தை உறுத்திய ஒன்றையும் இங்கே பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறோம்.

இந்த இறைச்சி எவ்வாறு உருவாகிறது?

ஒரு பொருளைப் பற்றிச் சட்டம் கூறுவதற்கு முன் அப்பொருள் இன்னதென்று சரியாக அறிந்துகொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலையின் பாலபாடம். எனவே முதலில் அதைப் பார்ப்போம்.

ஆடு, மாடு, கோழி போன்றவற்றின் உடலிலிருந்தோ முட்டையின் கருவிலிருந்தோ சிறிதளவு உயிரணுக்களை எடுக்கின்றனர். அவற்றைச் சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள் அடங்கிய ஊட்டக் கரைசலில் இடுகின்றனர். வெப்பமும் காற்றும் கட்டுப்படுத்தப்பட்ட பெரிய எஃகுக் கலன்களில் அந்த அணுக்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகின்றன. போதிய அளவு திரண்டதும் அவற்றை எடுத்து, பிற பொருள்களுடன் சேர்த்து உணவாக்குகின்றனர். சோயாவில் செய்யப்படும் போலி இறைச்சி முற்றிலும் தாவரம். இதுவோ உண்மையான விலங்கு அணுக்களால் ஆனது. இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட், இவ்வாறு உருவாக்கிய மாட்டிறைச்சித் துண்டினை லண்டனில் சமைக்கச் செய்து காட்டினார். அந்த ஒரு துண்டை உருவாக்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் யூரோ செலவாயிற்று. 2020 டிசம்பரில் உலகிலேயே முதல் நாடாகச் சிங்கப்பூர் இதன் விற்பனைக்கு அனுமதி வழங்கியது. தன் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் சிறு நாடு அது. புதிய உணவு வழிகளை அது தேடுவதில் வியப்பில்லை. 2023 ஜூனில் அமெரிக்காவும் அனுமதித்தது. நம் மாணவர் குறிப்பிட்ட பொருள் 2024 மே மாதம் அங்கே சில்லறை விற்பனைக்கு வந்தது. அதில் கோழியின் உயிரணு 3 சதவீதமே. எஞ்சியதில் பெரும்பகுதி தாவரப் புரதம்.

முதல் கேள்வி: அணு எங்கிருந்து வந்தது?

பன்றி போன்ற விலக்கப்பட்ட பிராணியின் அணுவாயின் பேச்சுக்கே இடமில்லை. எத்தனை கோடி முறை பெருகினாலும் மூலம் மூலமே.

ஆடு, மாடு, கோழி என்றால் அடுத்த கேள்வி எழுகிறது. அணுவை எடுத்தபோது அப்பிராணி உயிருடன் இருந்ததா, முறைப்படி அறுக்கப்பட்டிருந்ததா? நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்கிருந்தோர் உயிருள்ள ஒட்டகங்களின் திமிலையும் ஆடுகளின் வால்கொழுப்பையும் அறுத்தெடுத்து உண்டு வந்தனர். பிராணி உயிரோடிருக்கும்போது அதிலிருந்து துண்டிக்கப்படுவது செத்ததன் சட்டத்தையே பெறும் என்று நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அபூ வாகித் அல்லைஸி (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

ஊசியால் எடுக்கும் சிறு துளியும் திமிலை அறுப்பதும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்கலாம். அன்று நிகழ்ந்த கொடுமை இன்று இல்லை என்பது உண்மையே. எனினும் ஹதீஸின் சொல் பொதுவாக அமைந்திருக்கிறது. எனவே ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணியிலிருந்து உடனடியாக அணுவை எடுப்பதே ஐயத்துக்கு அப்பாற்பட்ட வழியாகும். அறுத்த பின்னும் சிறிது நேரம் அணுக்கள் உயிர்ப்புடன் இருக்குமாதலால் இதைச் செய்ய இயலும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை; செத்த மீனும் நமக்கு ஆகுமானது. எனவே மீனின் அணுவிலிருந்து வளர்க்கப்படும் உணவில் இந்த முதல் கேள்வியே எழாது. கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ஆய்வகத்தில் மீன் இறைச்சி வளர்க்கும் முயற்சிக்காக 2024 ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துள்ளது. ஆகவே இது கடல் கடந்த நாட்டின் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் அண்டை மாநிலத்துக்கே வந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி: அந்த அணு எதைத் தின்று வளர்ந்தது?

பலரும் கவனியாது கடந்துபோகும் கேள்வி இது. இத்துறை தொடங்கிய காலத்திலிருந்து அணுக்களை வளர்க்கப் பரவலாகப் பயன்பட்டு வந்தது மாட்டுக் கருவின் இரத்தச் சீரம். கருவுற்ற பசு அறுக்கப்படும்போது அதன் வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்தை எடுத்து, உறையவிட்டுப் பிரித்தெடுக்கும் நீர் அது. ஓடும் இரத்தத்தைத் திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் 145ஆம் வசனம் தெளிவாகத் தடை செய்துள்ளது.

அதுமட்டுமன்று. கலத்தில் ஒட்டிக்கொண்ட அணுக்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியைச் சேர்ப்பதுண்டு. அது பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்த பொருள். அணுக்கள் படர்ந்து வளர்வதற்கான சட்டகத்தை ஜெலட்டினால் அமைப்பதும் உண்டு. அந்த ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

அசுத்தம் ஒன்று வேறொன்றாக உருமாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா? ஃபிக்ஹில் இதனை ‘இஸ்திஹாலா’ என்பர். உப்பளத்தில் விழுந்த பிராணி முழுவதும் உப்பாகவே மாறிவிட்டால் அது உப்பின் சட்டத்தைப் பெறும் என்பது ஹனஃபி மத்ஹபின் ஃபத்வா. ஷாஃபிஈ மத்ஹபோ இதனை மிகக் குறுகிய வரம்புக்குள் நிறுத்துகிறது. மது தானாகவே காடியாவதும், செத்த பிராணியின் தோல் பதனிடப்படுவதும் அவ்வரம்புக்குள் வரும் முக்கிய எடுத்துக்காட்டுகள். தமிழ் முஸ்லிம்களிடையே இவ்விரு மத்ஹபினரும் வாழ்கிறோம். ஒரே மஸ்ஜிதில் தோளோடு தோள் நின்று தொழும் இருவர் இந்த உணவு குறித்து வெவ்வேறு முடிவுக்கு வரக்கூடும். அதனால் அவர்களிடையே பிணக்கு எழ வேண்டியதில்லை.

அசுத்தம் தின்று வளரும் பிராணியை ‘ஜல்லாலா’ என்பர். அதன் இறைச்சியையும் பாலையும் நபியவர்கள் தடுத்தார்கள். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்துவைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே உண்பார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. உணவு எதை உண்டு வளர்ந்தது என்று பார்ப்பது இம்மார்க்கத்தில் புதியதன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

இரத்தச் சீரம் சேராத கரைசல்களை உருவாக்கும் முயற்சிகள் வெற்றி கண்டு வருகின்றன என்பது ஆறுதல் தரும் செய்தி. அத்தகைய கரைசலில் வளர்த்த கோழி இறைச்சிக்குச் சிங்கப்பூர் 2023 ஜனவரியில் அனுமதி அளித்தது. 2024 பிப்ரவரியில் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வாக் குழு தன் முடிவை அறிவித்தது. அணு உண்ண ஆகுமான பிராணியினுடையதாக இருக்க வேண்டும். சேர்க்கப்படும் பொருள்களில் ஹராமானவை இருக்கக் கூடாது. இந்நிபந்தனைகள் நிறைவேறினால் உண்ணலாம் என்பது அதன் சாரம். அறிவியலாரை அழைத்துக் கேட்டு, அறிந்து, பின் சட்டம் கூறிய அந்த அணுகுமுறை பாராட்டத்தக்கது. எனினும் பொதுவான ஃபத்வா வேறு, கையிலிருக்கும் பொட்டலத்துக்கான ஹலால் சான்றிதழ் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர் திருப்பிக் கேட்ட கேள்வி

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு மாணவரை அழைத்தோம். “அணு எந்தப் பிராணியுடையது, அது எப்படி எடுக்கப்பட்டது, எதில் வளர்க்கப்பட்டது என்று கேளுங்கள். நம்பத்தக்க ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் விட்டுவிடுங்கள். ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையிலுள்ள ஐயத்திற்குரியதைத் தவிர்ப்பவரே தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டவர் என்பது உங்களுக்கு நாம் ஓதிக்கொடுத்த பாடம்தானே” என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: “ஹஜ்ரத், தவறாக நினைக்க வேண்டாம். ஊரில் நாம் வாங்கும் கோழிக்கு இத்தனை கேள்விகளை என்றாவது கேட்டிருக்கிறோமா?”

நமக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, நாம் வழக்கமாகக் கோழி வாங்கும் கடைக்குச் சென்றோம். இம்முறை வெளியே நிற்காமல் உள்ளே சென்று பார்த்தோம். குறுகிய கூண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோழிகள். தண்ணீர்க் கிண்ணம் இல்லை. ஜும்ஆ நாளின் கூட்டம். அறுப்பவர் ஒரு கையில் கோழியைப் பிடித்து, ஒரே இழுப்பில் கழுத்தை அறுத்து, நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் வீசினார். அது உள்ளே துடித்து அடங்கும் முன்பே அடுத்ததும் அதன்மேல் விழுந்தது. அவருடைய உதடுகள் அசைந்தனவா என்று உற்றுப் பார்த்தோம். அவர் வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். அறுபடக் காத்திருந்த கோழிகள் அத்தனையும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அறுப்பின்போது மனமறிந்து பிஸ்மில்லாஹ்வை விட்டுவிட்டால் ஹனஃபி மத்ஹபில் அவ்விறைச்சி ஹராம். ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மில்லாஹ் கூறுவது சுன்னத்து. விட்டாலும் உண்ணலாம் என்றாலும், வேண்டுமென்றே விடுவது வெறுக்கத்தக்கது. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுமையாக அறுபட வேண்டும் என்பதோ கட்டாயம். அந்த ஒரே இழுப்பில் அது நிறைவேறியதா? யார் பார்த்தார்கள்? கடையின் பெயர்ப்பலகையில் ‘ஹலால்’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாக நாம் நிம்மதியாக வாங்கி வந்திருக்கிறோம்.

மறுநாள் வகுப்பில், எல்லாவற்றிலும் நற்செயலை அல்லாஹ் விதித்துள்ளான் என்னும் ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பைப் பாடமாக எடுத்தோம். கத்தியைக் கூர்மையாக்குவதும் பிராணிக்கு இலகுவாக்குவதும் அந்த நபிமொழியின் கட்டளைகள். பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டியவரை நபியவர்கள் கண்டித்த செய்தியையும் சொன்னோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஹஜ்ரத், எங்கள் தெருக் கடையில் ஆட்டுக்கு முன்னாலேயே தீட்டுகிறார்களே, அவர்களிடம் யாரும் சொல்லவில்லையா?” என்றான். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் நாமாகவே இருந்தோம்.

ஆய்வக இறைச்சி ஏன் பிறந்தது?

உலகில் ஆண்டுதோறும் 7,000 கோடிக்கும் அதிகமான கோழிகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பண்ணைக் கோழிகள். ஏறத்தாழ ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடைக்கு வளர்க்கப்படுபவை. தம் எடையைத் தம் கால்களே தாங்காமல் தடுமாறுபவையும் அவற்றுள் உண்டு. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடைத் துறையால் வெளியாகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்கிட்டது. ஆய்வக இறைச்சிக்காகப் பாடுபடுவோர் சுட்டிக்காட்டும் குறைகள் இவை. அவர்களுடைய தீர்வில் நமக்கு ஐயம் இருக்கலாம். அந்தக் கலன்களை இயக்கவும் பெருமளவு மின்சாரம் தேவைப்படுகிறது. அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பூமிக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் காட்டும் நோயை நாம் மறுக்க இயலுமா?

ஊர்ந்து செல்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருக்குர்ஆன் நமக்குக் கற்பித்தது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் தண்டனையையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் கிடைத்த மன்னிப்பையும் மிம்பர்களில் நாம் மீண்டும் மீண்டும் சொல்கிறோம். இந்தச் சமுதாயம் அறுப்பு முறையில் உலகுக்கே முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும். அறுப்பு என்றாலே கொடுமை என்று பிறர் எண்ணும் நிலை வந்ததில் நமக்கும் பங்கில்லையா?

இரண்டு அச்சங்கள்

இது குர்பானியை ஒழிக்கும் சூழ்ச்சி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிவருகிறது. இத்தாலி 2023 நவம்பரில் இதனைத் தடை செய்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024 மே மாதத்தில் தடை செய்தது. அத்தடைகளுக்குக் கூறப்பட்ட காரணங்களில் முதன்மையானது தத்தம் நாட்டுக் கால்நடை வளர்ப்போரின் பாதுகாப்பு. எனவே இது நம்மைக் குறிவைத்து வந்தது என்று கருத ஆதாரம் இல்லை. குர்பானி என்பது இறைச்சி உற்பத்தி அன்று; அது ஓர் இபாதத். இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உள்ளத்தின் இறையச்சமே சென்றடைகிறது என்பது அதன் தத்துவம். குறித்த வயதுடைய, குறையற்ற பிராணியை, குறித்த நாள்களில், குறித்த நிய்யத்துடன் அறுப்பதே குர்பானி. எஃகுக் கலனிலிருந்து எத்தனை டன் இறைச்சி வந்தாலும் அது குர்பானியாகவோ அகீகாவாகவோ ஆகாது.

இரண்டாவது அச்சம் பிழைப்பு பற்றியது. இதை நாம் இலேசாக ஒதுக்க மாட்டோம். நான்கு ஆடுகளை வளர்த்து, பக்ரீத் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் மகளின் படிப்புக்குக் கட்டணம் செலுத்தும் தாய்மார் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, பிற சமயத்தாரும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழிலும் பிராணிகளை நம்பியே நிற்கிறது. குர்பானித் தோல் மத்ரஸாக்களின் வருமானமாக இருந்த காலமும் உண்டு. அவ்வகையில் நமக்கும் இதில் தன்னலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாளை ஆய்வக இறைச்சி மலிவானால் முதலில் அடி விழுவது பெரும் பண்ணை முதலாளிகளுக்கா, இந்த எளியோருக்கா என்று அரசும் அறிஞர்களும் சிந்திக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆய்வக இறைச்சி குறித்த நம் நிலைப்பாடு இதுதான். முறைப்படி அறுத்த பிராணியின் அணு, தூய கரைசல், நம்பத்தக்க மேற்பார்வை ஆகிய மூன்றும் அமைந்தால் அதனை ஹராம் என்று கூற நாம் ஆதாரம் காணவில்லை. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் தவிர்ப்பதே பாதுகாப்பு. இறுதி முடிவை ஆலிம்களின் கூட்டமைப்புகள் அறிவியலாரைக் கலந்து எடுக்க வேண்டும். இப்பொருள் நம் சந்தைக்கு வந்து குழப்பம் விளைந்த பிறகு கூடுவதைக் காட்டிலும் இப்போதே கூடுவது நன்று.

ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாத பணிகள் நம் கைவசமே உள்ளன. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவிலுள்ள கறிக்கடைகளை மாதம் ஒரு முறையேனும் பார்வையிடலாம். அறுப்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், அவர்களை அழைத்து அமர்த்தி அறுப்பின் சட்டங்களையும் ஒழுங்குகளையும் கற்றுத்தரலாம். அவர்களும் நம் பிள்ளைகளே. நாம் கற்றுத்தராததால் அறியாதவர்கள். கூண்டில் தண்ணீர், மறைவான அறுப்பிடம், கூரான கத்தி, துடிப்பு அடங்கும்வரை பொறுமை ஆகியவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. வாங்குவோராகிய நாமும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கப் பழக வேண்டும். அறுப்பவரின் அவசரத்தில் பாதி, வாசலில் நிற்கும் நம் அவசரமே.

உண்ணும் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மது பழக்கமாவதைப் போல இறைச்சியும் பழக்கமாகிவிடும் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. நம் வீட்டு வலீமாக்களில் இலையில் மிஞ்சிக் குப்பைக்குச் செல்லும் கறியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. அந்தக் குப்பைக்காகவும் ஓர் உயிர் அறுக்கப்பட்டது.

இரு வாரங்களுக்கு முன் அதே கடைக்காரரிடம் தனியே பேசினோம். கோபிப்பார் என்று அஞ்சினோம். அவர் கேட்டுக்கொண்டு, “நீங்கள் யாரும் உள்ளே வந்து பார்த்ததே இல்லையே ஹஜ்ரத்” என்றார். இப்போது கூண்டில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. அறுக்கும் மேசைக்கு முன் ஒரு திரை தொங்குகிறது. பீப்பாய் இன்னும் மாறவில்லை, அதையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூர் மாணவரிடம் இதைச் சொன்னோம். தாம் அந்தப் பொட்டலத்தை வாங்கவில்லை என்றார். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்தக் கடையை உள்ளே சென்று பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

அறுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உண்பவருக்கும், பேசாத உயிர்கள்மீது இரக்கத்தையும் உணவில் தூய்மையையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.